வெற்றுத்தாளுக்கு முன் ஐந்து நிமிடம்: மூச்சுப் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

நாளைக் காலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். முதல் வரியை எழுதி அழித்து, எழுதி அழித்து, மணி பதினொன்றாகிவிட்டது. விளம்பர வாசகம் யோசிப்பவர், குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுபவர், ஆண்டு விழா நாடகத்தைத் தலையில் கட்டிக்கொண்ட ஆசிரியர், மார்கழிக்குப் புதுக்கோலம் போட்டுப் பார்ப்பவர் என எல்லோருக்கும் இந்த இரவு பழக்கமானதுதான். அந்த நேரத்தில் உங்கள் உடம்பை ஒரு தரம் கவனியுங்கள். தோள்கள் காதுப்பக்கம் ஏறியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். மேல் நெஞ்சு மட்டும் சின்னதாக அசையும். செல்போனில் ஒரு மெசேஜ் வந்தால், அதை வாசித்து முடிக்கும்வரை மூச்சே நின்றிருக்கும்.

யோசனை வரவில்லையே என்று மண்டையைக் குடைவதற்கு முன்னால் இந்த மூச்சைச் சரிசெய்யலாம். மூச்சுப் பயிற்சி உங்களுக்குக் கதையைக் கொண்டுவந்து தராது. கதை வரும் வழியை மறித்து நிற்கும் பதற்றத்தை விலக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. வழி திறந்த அந்தச் சில நிமிடங்களில் பேனாவைக் கையில் எடுக்காவிட்டால் நிம்மதி மட்டும் மிஞ்சும், பக்கம் காலியாகவே இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் பகுதி மூச்சைப் பற்றியது. இரண்டாம் பகுதி, மூச்சு அடங்கியதும் என்ன செய்வது என்பதைப் பற்றியது.

மூச்சுக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு?

இதயத் துடிப்பை நினைத்த மாத்திரத்தில் குறைக்க முடியாது. செரிமானத்தைச் சற்று நிறுத்திவை என்று வயிற்றுக்கு உத்தரவு போட முடியாது. தானாகவும் நடந்து, நாம் சொன்னாலும் கேட்கிற ஒன்று மூச்சு. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தொட முடிகிறது.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து நாடி பாருங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்றே விரையும். மெதுவாக விடுங்கள், துடிப்பு நிதானப்படும். மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்தையும் வயிற்றையும் தொடும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தைக் கூடுதலாக அடக்கிவைக்கிறது. கீழே வரும் பயிற்சிகளில் பெரும்பாலானவை வெளிமூச்சை நீட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதைச் சுமார் ஆறுக்குக் கொண்டுவந்தால் மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் மூன்றின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் சக ஆய்வாளர்களும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கு வந்திருந்தது. யாரும் எண்ணச் சொல்லவில்லை; சொல்லின் நீளமே மூச்சை அளந்துகொடுத்தது.

மூச்சின் தாளத்தைப் போடும் நரம்புத் தொகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. 1991இல் அதை அடையாளம் கண்டார்கள். அதிலுள்ள சில நரம்புச் செல்கள், மூளையை உஷார்படுத்தும் இன்னொரு பகுதிக்குத் தொடர்ந்து தகவல் அனுப்புகின்றன என்று 2017இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எலிகளில் அந்தச் செல்களை மட்டும் நீக்கியதும் அவை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன. மனம் பதறினால் மூச்சு விரைகிறது என்பது நமக்குத் தெரியும். மூச்சு விரைந்தால் மூளைக்கும் ‘உஷார்’ என்ற செய்தி போகிறது என்பதைத்தான் இது சொல்கிறது.

கற்பனைக்கு இதனால் என்ன லாபம்?

இங்கிலாந்தின் கிரஹாம் வாலஸ் 1926இல் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் தாட்’ நூலில் படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். தகவல் திரட்டுவது முதல் கட்டம். அதை மறந்துவிட்டு ஊறவிடுவது இரண்டாவது. சட்டென்று பொறி தட்டுவது மூன்றாவது. வந்ததைச் சீர்பார்ப்பது நான்காவது. நம்மில் பலர் மாட்டிக்கொள்வது இரண்டாவதில். ஊறுவதற்கு விடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறோம்.

பதற்றம் கவனத்தைக் குறுக்கிவிடும். பாம்பைக் கண்டவருக்குப் பக்கத்திலிருக்கும் பூ தெரியாது, தெரியவும் கூடாது. எழுத்து மேசையில் பாம்பு இல்லை. ஆனால் ‘எடிட்டர் என்ன சொல்வாரோ’, ‘போன தடவை மாதிரி ஓடாமல் போய்விட்டால்?’ என்ற நினைப்புகளுக்கு உடம்பு கிட்டத்தட்ட அதே பதிலைத்தான் கொடுக்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை முடிச்சுப் போடுவதுதான் கற்பனை என்றால், அதற்குப் பார்வை விரிந்திருக்க வேண்டும். மெதுவான மூச்சு செய்யும் உதவி அங்கேதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நிதானமான மூச்சு பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. மூச்சுப் பயிற்சி செய்தால் கற்பனை நேரடியாகப் பெருகும் என்பதற்கு அந்த அளவு வலுவான ஆதாரம் இல்லை. ‘பதினைந்தே நாளில் படைப்பாளி ஆகலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்கள்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நேரம்: வேலையைத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். விடியற்காலைதான் என்ற கட்டாயம் இல்லை. இரவில் எழுதுபவர் இரவிலேயே செய்யலாம்.

வயிறு: சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காபி, டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் விடுங்கள்.

இடம்: தரையில் சம்மணம் போடலாம், முட்டி வலித்தால் நாற்காலியே மேல். பாதங்கள் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து, தாடை தளர்ந்திருக்கட்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தால் பயிற்சி ஒரு நாளும் நடக்காது.

மூக்கு: சளி அடைத்திருந்தால் அன்று மூக்குப் பயிற்சிகளை விட்டுவிடுங்கள்.

செல்போன்: டைமருக்கு மட்டும். சைலன்டில் போட்டுக் குப்புற வையுங்கள்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்: ஆஸ்துமா, இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சி எதையும் தாமாகச் செய்யக் கூடாது. கீழே உள்ள எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்குவது இல்லை; ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வண்டி ஓட்டும்போதோ தண்ணீருக்குள் நிற்கும்போதோ யாருமே செய்யக் கூடாது.

படி 1: மூச்சை வேடிக்கை பார்ப்பது

முதல் வேலை மாற்றுவது இல்லை, பார்ப்பது.

1. உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். மூட விருப்பமில்லை என்றால் தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள்.
2. ஒரு நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று என்று எண்ணுங்கள்.
3. எண்ணிக்கையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.
4. இன்னும் ஒரு நிமிடம் எண்ணாமல் கவனியுங்கள். காற்று மூக்கு நுனியில் எப்படிப் படுகிறது? உள்ளே போகும்போது சற்றுக் குளிர்ந்தும், வரும்போது சற்றுச் சூடாகவும் இருக்கும்.

கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு மாறிவிடும். அதனால் எண்ணிக்கை துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. 18, 20 என்று வந்தால் பயப்படவும் வேண்டாம். இது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குறிப்பு மட்டுமே.

படி 2: வயிற்றால் மூச்சு விடுவது

தூங்கும் கைக்குழந்தையைப் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு அதன் வயிறு எழுந்து தாழும். பெரியவர்களான பிறகு வயிற்றை எக்கிக்கொண்டு, மேல் நெஞ்சால் மூச்சு விடப் பழகிவிடுகிறோம். நுரையீரலுக்கு அடியிலிருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கினால்தான் காற்று நன்றாக நிரம்பும். அது இறங்குவதன் அடையாளம்தான் வயிறு எழுவது.

1. பாயில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள்.
2. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல்.
3. மூக்கால் மெதுவாக இழுங்கள். கீழே உள்ள கை எழ வேண்டும். நெஞ்சிலுள்ள கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும்.
4. மூக்காலேயே விடுங்கள். வயிறு தானாக அமுங்கட்டும். உள்ளே தள்ள வேண்டாம்.
5. ஐந்து நிமிடம். படுத்துச் செய்வது பழகியதும் உட்கார்ந்து செய்யுங்கள்.

வயிற்றை வேண்டுமென்றே முன்னால் தள்ளுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது வயிற்றுத் தசையின் வேலை. மூச்சின் வேலை இல்லை. கை எழவே இல்லை என்றால் வயிற்றின் மேல் ஒரு நடுத்தரக் கனமுள்ள புத்தகத்தை வைத்துப் பாருங்கள். அதைத் தூக்கும் வேலையை உடம்பு சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

படி 3: நான்கில் இழுத்து ஆறில் விடுவது

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இதுதான். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் இதை மட்டும் செய்தால் போதும்.

1. நிமிர்ந்து உட்காருங்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை நிதானமாக வெளியே விடுங்கள்.
2. மனத்துக்குள் ஒன்று முதல் நான்குவரை எண்ணியபடி மூக்கால் இழுங்கள்.
3. நிறுத்தாமல், ஒன்று முதல் ஆறுவரை எண்ணியபடி மூக்கால் விடுங்கள்.
4. ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் முப்பது.

ஆறுவரை போவதற்குள் காற்று தீர்ந்துவிட்டால் மூன்றில் இழுத்து நான்கில் விடுங்கள். நீளத்தைவிட விகிதம் முக்கியம்: வெளிமூச்சு கூடுதலாக இருக்க வேண்டும். ஆறாவது எண்ணில் காற்றைப் பிதுக்கித் தள்ளுகிறீர்கள் என்றால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம்.

மூச்சை அளந்து விடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்கே தருகிறார்: உள்ளே இழுக்கும் பூரகம் 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32. எழுத்துக்கு ஒலியளவு சொல்லும் தொல்காப்பியத்தின் மாத்திரையும், கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் நேரம்தான். திருமூலரின் கணக்கிலும் வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஆனால் 64 மாத்திரை கும்பகத்தைப் புத்தகத்தைப் பார்த்தோ யூடியூபைப் பார்த்தோ முயலக் கூடாது. அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து, ஆண்டுக்கணக்கில் ஏற வேண்டிய படி.

படி 4: நாடி சுத்தி

மூக்கின் இரண்டு துவாரங்களும் எப்போதும் ஒரே அளவில் காற்றை விடுவதில்லை. ஒன்று கூடுதலாகத் திறந்திருக்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். சித்தர் மரபு இதைச் சரம் என்று பார்த்து, இடப்பக்க ஓட்டத்தை இடகலை என்றும் வலப்பக்கத்தைப் பிங்கலை என்றும் சொன்னது. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கய்சர் 1895இல் இதே மாற்றத்தை மருத்துவ நோக்கில் பதிவு செய்தார்.

1. இடது கை மடியில் இருக்கட்டும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள்.
2. கட்டைவிரலால் வலது துவாரத்தை மூடி, இடது வழியாக நான்கு எண்ணி இழுங்கள்.
3. மோதிர விரலால் இடதை மூடி, கட்டைவிரலை எடுத்து, வலது வழியாக ஆறு எண்ணி விடுங்கள்.
4. இப்போது வலது வழியாகவே நான்கு எண்ணி இழுங்கள்.
5. வலதை மூடி, இடது வழியாக ஆறு எண்ணி விடுங்கள். இது ஒரு சுற்று.
6. ஆறு முதல் ஒன்பது சுற்றுகள் போதும். கடைசி மூச்சு இடது வழியாக வெளியேறும்படி முடியுங்கள்.

மூக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம். எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் விரல் பட்டாலே அடைபடும். முழங்கை வலித்துக் கை தானாகக் கீழே இறங்கினால் தலையும் கூடவே சாயும். அப்போது ஒரு தலையணையை மடியில் வைத்து முழங்கைக்குத் தாங்கல் கொடுங்கள். இதில் ஓர் உபரி லாபம் உண்டு. எந்த விரல், எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கவலைப்பட மனத்துக்கு ஆள் மிஞ்சாது.

படி 5: பிராமரி

வண்டின் ரீங்காரம்போல் ஒலிப்பதால் இந்தப் பெயர்.

1. உதடுகளை மூடுங்கள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும்.
2. மூக்கால் இழுத்து, ‘ம்ம்ம்’ என்ற ஒலியோடு மெதுவாக விடுங்கள். சத்தம் பெரிதாக வேண்டாம். பக்கத்து அறைக்குக் கேட்காத அளவே போதும்.
3. விரும்பினால் கட்டைவிரல்களால் காது மடலின் முன்னாலிருக்கும் சின்ன மேட்டை அழுத்திக் காதை மூடிக்கொள்ளுங்கள். காதுக்குள் விரலை விட வேண்டாம்.
4. ஐந்து முதல் ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாதாரண மூச்சு.

அதிர்வு முதலில் உதட்டில் கூசும். சுருதியைச் சற்றுக் கீழே இறக்கினால் நெஞ்செலும்புக்கு வரும், மேலே ஏற்றினால் மூக்கின் வேருக்குப் போகும். உங்களுக்குச் சுகமான சுருதி எது என்று தேடிப் பிடியுங்கள். முனகும்போது மூக்கிலிருந்து வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைக் காட்டிலும் சுமார் 15 மடங்கு கூடுகிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். இந்த வாயு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தன்மை உடையது. பாடுகிறவர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் இது குரலுக்கும் நல்ல முன்தயாரிப்பு.

அவசரத்துக்கு: இரட்டைப் பெருமூச்சு

இன்னும் இரண்டு நிமிடத்தில் மீட்டிங், கை நடுங்குகிறது. நாடி சுத்திக்கெல்லாம் நேரமில்லை. அழுது ஓய்ந்த குழந்தை, விசும்பி விசும்பி இரண்டு தரம் மூச்சிழுத்து நீளமாக ஒன்று விடுமே, அதை அப்படியே செய்யுங்கள்.

1. மூக்கால் ஆழமாக இழுங்கள்.
2. விடாமல், அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு.
3. வாயால் மெதுவாக, முழுவதும் விடுங்கள்.

இரண்டாவது இழுப்பு, நுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் காற்றுப்பைகளை விரிக்கிறது. நாம் அறியாமலே சில நிமிடத்துக்கு ஒரு முறை பெருமூச்சு விடுவதும் இதற்காகத்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரத்தைத் தியானத்தில் செலவிட்டவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. அவசரத்துக்கு மூன்றே மூன்று போதும்.

மூச்சு அடங்கியதும் என்ன செய்வது?

பயிற்சி முடித்துவிட்டு ‘ஒரே ஒரு தடவை’ வாட்ஸ்அப்பைத் திறந்தால் எல்லாம் போச்சு. மூச்சுக்கு உட்காரும் முன்பே தாளும் பேனாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் கீழே உள்ளவற்றில் ஒன்றை எடுங்கள்.

கை நிற்காமல் ஏழு நிமிடம்: விஷயத்தின் பெயரைத் தாளின் மேலே எழுதிவிட்டு, ஏழு நிமிடம் பேனாவைத் தூக்காமல் எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதுங்கள். அடிப்பது, திருத்துவது கிடையாது.

மட்டமான பத்து: நல்ல யோசனை வேண்டாம், வேண்டுமென்றே பத்து மட்டமான யோசனைகளைப் பட்டியல் போடுங்கள். தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுத வேண்டிய ஒரு டீச்சரை வைத்துக்கொள்வோம். முதலில் வருவது மழைத்துளி வேஷம். அடுத்து, நதித் தாய் அழுவது. மூன்றாவது, தலைமை ஆசிரியர் மேடையேறி அறிவுரை சொல்வது. எல்லாம் பார்த்துச் சலித்தவை. ஆனால் எழுதிவிட்டதால் தலையை விட்டு இறங்கிவிட்டன. ஆறாவதோ ஏழாவதோ வரும்போது, தெருவில் தண்ணீர் லாரிக்காக ஆட்களுக்குப் பதில் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் நினைவுக்கு வருகின்றன. ராத்திரி முழுக்க நிற்கும் அந்தக் குடங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்ளும்? பச்சைக் குடத்துக்கும், வாய் உடைந்த நீலக் குடத்துக்கும் யார் முதலில் வந்தது என்று சண்டை. நாடகம் அங்கே தொடங்கிவிடுகிறது. மேலே உள்ள ஐந்தை எழுதாமல் ஆறாவதுக்குத் தாவ முடியாது.

ஒரு பொருள், பத்து விவரம்: வரைகிறவர்களும் படம் எடுப்பவர்களும் மேசையில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்துப் பத்து விவரம் சொல்லலாம். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் ஜன்னல் எப்படி வளைகிறது, அடியில் பொறித்த பெயரில் எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது என்ற அளவுக்குப் போங்கள்.

நடை: இவை எதுவும் ஓடவில்லையா, எழுந்து நடங்கள். மாரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட நடந்தபோது புதிய யோசனைகள் அதிகம் வந்தன. மொட்டைமாடியில் நான்கு சுற்று வந்தாலும் நடைதான். துண்டுத்தாள் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: படி 1 இரண்டு நிமிடம், படி 2 ஐந்து நிமிடம். பிறகு கை நிற்காமல் எழுதுவது.

இரண்டாம் வாரம்: படி 2 இரண்டு நிமிடம், படி 3 ஐந்து நிமிடம். பிறகு மட்டமான பத்து.

மூன்றாம் வாரம்: படி 3 மூன்று நிமிடம், நாடி சுத்தி ஆறு சுற்று. பிறகு ஒரு பொருள், பத்து விவரம்.

நான்காம் வாரம்: நாடி சுத்தி ஆறு சுற்று, பிராமரி ஐந்து. பிறகு நேரே உங்கள் சொந்த வேலை.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. ஏன்?
மூச்சை மிக ஆழமாகவும் வேகமாகவும் விடுகிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அடுத்த முறை காற்றின் அளவைக் குறையுங்கள். மெதுவான மூச்சு என்றால் பெரிய மூச்சு என்று பொருளில்லை.

மூச்சைக் கவனித்தாலே எனக்குப் பதற்றம் கூடுகிறது.
சிலருக்கு அப்படித்தான். கண்ணைத் திறந்து, கவனத்தைப் பாதத்துக்கு மாற்றுங்கள். முனகுவதும் பாடுவதும் இவர்களுக்கு எளிது; ஒலியைக் கேட்கும்போது மூச்சு தானாக நீளும். அடிக்கடி பதற்றத் தாக்குதல் வருகிறவர்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செய்ய உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.
பெரும்பாலும் உடம்புக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது. முதலில் அதைத் தீருங்கள். தூங்கி எழுந்தவருக்கும் வந்தால் நாற்காலியில் நுனிக்கு வந்து உட்கார்ந்து, உள்மூச்சையும் வெளிமூச்சையும் சம அளவாக்குங்கள்.

கபாலபாதி, பஸ்திரிகா செய்யலாமா?
இவை வேகமான பயிற்சிகள், உடம்பை முடுக்கிவிடுபவை. அமைதிக்காகத் தொடங்குகிறவருக்கு இப்போது தேவையில்லை. கற்க விருப்பமிருந்தால் நேரில் ஆசிரியரிடம் போங்கள். வயது, உடல்நிலை, வேலை ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பது யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழி. மைசூரில் புகழ்பெற்று, பிறகு சென்னையில் கற்பித்து, நூறு வயது கண்டவர் அவர். அவர் பெயரில் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். யாரிடம் போனாலும், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பயிற்சி கொடுப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாதக் கடைசியில் ஒரு கணக்கு

தினமும் நோட்டில் மூன்றே விவரம் எழுதுங்கள்: எந்தப் பயிற்சி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, அதற்குப் பிறகு தாளில் என்ன வந்தது. ‘மனம் அமைதியாக இருந்தது’ என்ற குறிப்புக்கு மதிப்பு குறைவு. ‘மூன்று பத்தி’, ‘இரண்டு டிசைன்’, ‘ஒன்றுமில்லை’ என்பவைதான் கணக்குக்கு உதவும்.

நான்கு வாரம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். ஒருவருக்கு நாடி சுத்திக்குப் பிறகு எழுத்து ஓடியிருக்கும். இன்னொருவருக்கு அது வெறும் விரல் பயிற்சியாக நின்று, பிராமரிதான் கைகொடுத்திருக்கும். உங்கள் நோட்டு எதைக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொண்டு மீதியைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஐந்து பயிற்சியும் தெரிந்தவர் என்று பெயர் வாங்குவதில் ஒன்றுமில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரை நாளைக்குப் போய்ச் சேர வேண்டும்.